பூச்சிதானாம், மாதாவுக்கு நன்றி

அன்பு மகளுக்கு,

பேரனின் வயிற்றில் பூச்சி என்று கேட்டுச் சந்தோசத்தில் கண் கலங்கிய மனிதன் இந்த மன்னார்த் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேற்று நீ நீர்கொழும்பிலிருந்து போன் எடுத்து "அப்பா, பூச்சிதானாம்" என்று சொன்னதும், போனை அம்மாவின் கையில் திணித்துவிட்டு, வலை காயப்போட்டிருந்த பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். "கொப்பர் அங்கால போய் நிண்டு மூக்கைச் சீறுறார்" என்று அம்மா உனக்குச் சொன்னதும் கேட்டது. அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. மறைக்க நான் விட்டதும் இல்லை.

எத்தனை நாளாக எங்களுக்கு நித்திரை இல்லை என்று உனக்குத் தெரியும். சின்னவனுக்கு வயிறு ஊதுகிறது, சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறான், அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான் என்று நீ சொன்ன அன்றே அம்மா செபமாலையைக் கையில் எடுத்தவள்தான். "எனக்கு வந்த அதே வருத்தம் அப்பா, என்னட்ட இருந்துதான் போயிருக்கு" என்று நீ அழுதாய். இப்போது இரத்தப் பரிசோதனையின் மறுமொழி கொழும்பிலிருந்து வந்துவிட்டது. உன் உடம்பில் இருக்கிற அந்தப் பரம்பரை வித்து அவனிடம் இல்லையாம். வித்து இல்லாத இடத்தில் சீலியாக் என்கிற உன் குடல் வருத்தம் முளைக்காது என்று டொக்டர் திடமாகச் சொல்லிவிட்டாராம். வயிற்றுக்கு உள்ளே இருந்தது வெறும் பூச்சி. ஒரு குளிசையோடு போகிற பூச்சி. உன் காலத்தில் நாங்கள் பூச்சி பூச்சி என்று சொல்லிக்கொண்டு இருந்தோம், அது சீலியாக். அவன் காலத்தில் சீலியாக் என்று நடுங்கிக்கொண்டு இருந்தோம், அது பூச்சி. மேலே இருக்கிறவருக்கும் கொஞ்சம் பகிடி விடத் தெரியும்போல.

அழுகையும் சிரிப்புமாக நீ ஒன்று கேட்டாய். "எனக்கு அப்ப என்னதான் நடந்தது? நீங்கள் ஒருக்காலும் முழுசாச் சொன்னதில்லையே." சொல்லவில்லைதான். போனில் கதைக்க எனக்கு வராது, இரண்டு வசனத்துக்குப் பிறகு "அங்க மழையோ?" என்று கேட்கிற ஆள் நான். அதனால் எழுதுகிறேன். நீயும் ஒரு பிள்ளைக்குத் தாய். உனக்குச் சொல்ல வேண்டிய வேறு ஒன்றும் இதற்குள் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். பொறுமையாக வாசி.

நீ பிறந்தது தமிழ்நாட்டில், அகதி முகாமில். ஓட்டுக்குக் கீழே ஓர் அறை, அதுதான் வீடு. அங்கே மூன்று வேளையும் அரிசிதான். சோறு, பழைய சோறு, இட்லி. எப்போதாவது கடைப் பரோட்டா ஒன்றில் பாதி, நல்ல நாளுக்கு ஒரு பிஸ்கட். நீ மெலிவுதான், ஆனால் சுறுசுறுப்பான பிள்ளை. முகாமின் வாசலில் இருந்து கத்தினால் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். நான் அங்கே போனபோது எனக்கே மீசை முளைக்கவில்லை. வளர்ந்து, உன் அம்மாவைக் கட்டி, உன்னைப் பெற்று, அத்தனைக்குப் பிறகும் எனக்கு ஊர் நினைப்பு விடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஊர் என்றால் எனக்குக் கோவிலும் கடலும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. அங்கே பிரெட் என்பார்களே, அந்தப் பாண்தான் வரும். பின்னேரம் பேக்கரிப் போறணையில் இருந்து இறக்கின சூட்டோடு, தோல் முறுகின ரோஸ் பாணை இரண்டாகப் பிய்த்து, உள்ளே சம்பலை வைத்துச் சாப்பிடுகிற ஞாபகம்.

யுத்தம் முடிந்த அடுத்த வருசம் திரும்பி வந்தோம். உனக்கு அப்போது ஏழு வயது. கீரிக் கிராமத்தில் எங்கள் காணி உடைமரம் மூடிக் கிடந்தது. வெட்டித் துப்புரவாக்கி, தகரக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு இருந்தோம். வந்து இறங்கிய கொஞ்ச நாளில் நான் செய்த முதல் வேலை ஒன்று இருக்கிறது. பட்டினத்துக்குப் போய் ஒரு ரோஸ் பாண் வாங்கிவந்து, என் கையாலேயே பிய்த்து உன் வாயில் வைத்தேன். "இந்தா பிள்ளை, இதுதான் எங்கட ஊர்ச் சாப்பாடு" என்றேன். நீ மென்றுகொண்டே, உன் முகாம் தமிழில், "இது பன்னா, அப்பா?" என்று கேட்டாய். பக்கத்துக் கொட்டில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் உனக்கு 'இந்தியாக்காரி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

மீள்குடியேறியவர்களுக்கு நிவாரணம் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய், அதோடு தாராளமாகக் கோதுமை மா. அரிசியைவிட மாதான் எங்கள் வீட்டில் நின்று பிடித்தது. காலையில் ரொட்டி, இரவில் மாவை அவித்துப் பிட்டு, இடையில் கையில் ஏதும் இருந்தால் பாண். எங்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை. கொட்டிலுக்கு உள்ளே மா மூட்டை நின்றால் நாளைக்கும் அடுப்பு எரியும் என்று ஒரு தைரியம். அம்மா அந்த மூட்டைக்கு மேலே ஒரு சின்ன மாதா சுரூபம்கூட வைத்திருந்தாள்.

சில மாதம் போக உன் வயிறு ஊதத் தொடங்கியது. கையும் காலும் ஈர்க்குப்போல, வயிறு மட்டும் தனியே முன்னுக்கு நிற்கும். தலைமயிர் தும்பாகியது. வயிற்றால் போவது வெளுத்து, நாற்றமாகி, தண்ணீர் ஊற்றினாலும் மிதக்கும். எதற்கும் சிணுங்கல். முகாமில் கத்தித் திரிந்த பிள்ளை, கொட்டிலின் மூலையில் சாக்குக்கு மேலே சுருண்டு கிடந்தது. ஊர் ஒரே குரலில் சொன்னது: பூச்சி. பூச்சி மருந்து தந்தோம். பாகற்காய்ச் சாறு தந்தோம், அதை நீ என் சட்டையிலேயே துப்பினாய். கண்ணூறு என்று ஒருவர் சொல்ல, மந்திரித்த நூல் கட்டினோம். நூல் கட்டின இடத்தில் கை மெலிந்துகொண்டே போனது. நூலை மூன்று தரம் இறுக்கிக் கட்டிய பிறகுதான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது.

எங்கள் சனத்தின் குணம் உனக்குத் தெரியும். வருத்தம் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகமாட்டார்கள். போனால் அது பெரிய வெட்கம். தாங்களே கஞ்சி குடித்துக்கொண்டு இருந்த சனம், உன்னைப் பார்க்க வரும்போது விசுக்கோத்துப் பெட்டியும் ரஸ்கும் பாலில் கரைக்கிற மோல்ட் மாப் பேணியும் கொண்டுவந்தார்கள். வருத்தக்காரருக்கு எங்கள் ஊரில் கொடுப்பதும் அதுதானே? சோறு செமிக்காது, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடு என்பார்கள். நீ மெலிய மெலிய, பார்க்க வருகிற ஆட்கள் கூடினார்கள். ஆட்கள் கூடக் கூட விசுக்கோத்துக் கூடியது. விசுக்கோத்துக் கூடக் கூட நீ இன்னும் மெலிந்தாய். அன்பாலேயே உன்னைச் சாகடிக்கப் பார்த்தோம் மகள். ஒருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. 

அந்த நாட்களில் அம்மாவும் நானும் பட்ட சண்டை கொஞ்சமல்ல. "நாங்கள் திரும்பிப் போவம். அங்க பிள்ளை நல்லாத்தானே இருந்தவ. உங்கட ஊரும் உங்கட பாணும்!" என்று அவள் கத்துவாள். நான் அவளைவிடப் பெரிதாகக் கத்துவேன். கத்தினதற்குக் காரணம், அவள் சொன்னதையே நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு இருந்ததுதான். நல்லாயிருந்த பிள்ளையை என் ஊர் ஆசைக்காக இழுத்துக்கொண்டு வந்து சாகக் கொடுக்கப் போகிறேனோ என்ற கேள்வி, கடலில் வலை இழுக்கும்போதும் கூடவே வந்தது. நீ போயிருந்தால் நான் இந்த ஊரில் இருந்திருக்கமாட்டேன். எந்த ஊரிலும் இருந்திருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.

பிறகு வாடைக் காற்று எழும்பியது. மழை வெள்ளம், பாதை உடைந்து கிழமைக் கணக்காக நிவாரண லொறி வரவில்லை. கடலும் கொந்தளிப்பு. மா மூட்டை காலி, கையில் காசும் இல்லை, கடையில் பாணும் இல்லை. வருத்தம் பார்க்க வருகிறவர்களின் வீட்டிலும் அதே கதி, அவர்களும் வரவில்லை. மிஞ்சிக் கிடந்த அரிசியில் கஞ்சி, கரையில் அகப்பட்ட மீனில் ஒரு சொதி, முருங்கை இலை. அவ்வளவுதான் சாப்பாடு. நான் அரசாங்கத்தையும் லொறிக்காரனையும் காற்றையும் திட்டிக்கொண்டு இருந்தேன். நீயோ எழும்பி உட்கார்ந்தாய். "இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்தும்மா" என்றாய். ஒரு காலை பார்த்தால், கரையில் நண்டைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாய். நூல் வேலை செய்கிறது என்று அம்மா மெழுகுதிரி ஏற்றப் போனாள். லொறியும் வந்து சேர்ந்தது. பிள்ளை தேறிவிட்டாள் என்ற சந்தோசப் புளுகத்தில் அன்று வீட்டில் சுடச்சுட ரொட்டி. இரண்டு மூன்று கிழமைக்குள் நீ மறுபடி விழுந்துவிட்டாய். இந்தத் தரம் நிற்கக்கூட முடியவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டரம்மா ஒருவர் இருந்தார். இளம் வயது, நிதானமான பேச்சு. உன் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், பூச்சிக்குக் கொடுத்த மருந்தெல்லாம் கேட்டார். பிறகு, "பிள்ளை வீட்டில என்ன சாப்பிடுறவ?" என்றார். எனக்கு அப்போது எதைக் கேட்டாலும் கோபம். "சாப்பாட்டைப் பற்றிக் கேக்காதேங்கோ டொக்டர். நிவாரணம் ஒழுங்காத் தந்தாத்தானே சாப்பாடு? வாடைக்குள்ள லொறியே வரேல்லை. வருத்தக்காரப் பிள்ளைக்கு ஒரு துண்டுப் பாண் குடுக்க வழியில்லாமல் வெறும் கஞ்சியும் மீனும் குடுத்தனாங்கள்" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "அப்ப பிள்ளை எப்பிடி இருந்தவ?"

 அம்மாதான் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நல்லா இருந்தவ டொக்டர். ஓடித் திரிஞ்சவ."

"லொறி வந்த பிறகு?"

"ரொட்டி சுட்டுக் குடுத்தனான்" என்று அம்மா தலையில் கையை வைத்தாள். முறைப்பாடு சொல்லப் போன என் வாயாலேயே உன் உயிரைக் காப்பாற்றுகிற செய்தி வந்தது. என் கோபத்தால் இந்தக் குடும்பத்துக்கு நல்லது நடந்த ஒரே தரம் அது என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். நானும் மறுப்பதில்லை.

இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பிறகு உன்னையே கொழும்புக்குக் கொண்டுபோய், மயக்கி, வாயால் குழாய் விட்டு, குடலின் உட்சுவரில் துணுக்கு எடுத்தார்கள். திரும்பி வந்ததும் டொக்டரம்மா எங்களைக் கதிரையில் இருத்தி இரண்டு படம் காட்டினார். முதல் படம் சுகமான பிள்ளையின் குடல். "குடலின்ர உள்பக்கம் வழவழப்பா இருக்காது. விரல் மாதிரிச் சின்னச் சின்ன முளையள் நெருக்கமா நிக்கும், சடைமுளை எண்டு சொல்லுறது. சாப்பாட்டில உள்ள சத்தை அதுதான் உறிஞ்சி எடுக்கிறது" என்றார். இரண்டாவது உன்னுடையது. முளை ஒன்றையும் காணோம். வழித்துவிட்டதுபோல வெறும் தரை. கோதுமையிலும் மோல்ட் மாவிலும் இருக்கிற ஒரு புரதத்தை உன் உடம்பின் காவல்படை எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம்; அடி விழுவது உன் குடலிலேயே. "ஆமி ஆரையோ பிடிக்க வந்து ஊரை அடிச்ச கதை" என்று அம்மா முணுமுணுத்தாள். நல்ல காலம், டொக்டரம்மா அதைக் கேட்டும் கேளாததுபோல இருந்துவிட்டார்.

எனக்கு அந்தப் படம் தெரிந்த படமாக இருந்தது. "டொக்டர், இது இழுவைப் படகு போன தரை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. சொன்னேன். கரையில் இருந்து கொஞ்சம் வெளியே போனால் கடலுக்கு அடியில் சாதாளை, கடற்புல், அடர்த்தியாக நிற்கும். இறால், மீன்குஞ்சு எல்லாம் அதற்குள்தான் வளரும். இழுவைப் படகு வந்து மடி வலையை அடியோடு இழுத்தால் புல்லையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு அந்தத் தரையில் எத்தனை வலை போட்டாலும் ஒன்றும் நிற்காது. பிள்ளைக்கு எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாதது ஏன் என்று எனக்கு அந்த இடத்தில்தான் பிடிபட்டது. ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"புல்லுத் திரும்ப முளைக்குமே டொக்டர்?"

"முளைக்கும் அண்ணை" என்றார் அவர். "சின்னப் பிள்ளை, நல்லா முளைக்கும். ஆனா மடி இழுக்கிறதை நிப்பாட்டவேணும். அரைவாசி நிப்பாட்டிச் சரிவராது. முழுசா, எண்டைக்கும்."

அந்த 'முளைக்கும்' என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு வந்த ஆறுதல், அதற்குப் பிறகு நேற்றுத்தான் மறுபடி வந்தது. இடையில் நல்ல நாட்கள் எவ்வளவோ வந்தன, உன் கலியாணம் உட்பட. ஆனால் அந்த மாதிரி நெஞ்சு இளகினது இரண்டு தரம்தான்.

ஏன் உனக்கு வந்தது என்று கேட்டோம். வித்து பரம்பரையில் வருகிறது, எங்கள் ஒருவரிடமோ இரண்டு பேரிடமுமோ இருக்கும் என்றார். வித்து இருக்கிற எல்லோருக்கும் அது முளைப்பதில்லையாம், கனபேர் தெரியாமலே சுமந்து திரிந்து வயதாகிச் செத்தும் போவார்களாம். எது முளைக்க வைக்கிறது என்று ஒருவருக்கும் முழுதாகத் தெரியாதாம். "மா தந்தவையையும் பிழை சொல்லேலாது, ஊருக்கு வந்த உங்களையும் பிழை சொல்லேலாது. அங்க இருந்திருந்தாலும் வந்திருக்கலாம்" என்றார். என் முதுகில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, அந்த வித்து யார் பக்கம் என்று அம்மாவும் நானும் தொடங்கினோம். அவள் தன் பரம்பரையில் மெலிந்தவர் ஒருவரும் இல்லை என்றாள். என் பெரியப்பாவின் தொந்தியை நான் சாட்சிக்கு இழுத்தேன். நீ எங்கள் நடுவில் இருந்து வாழைப்பழம் தின்றுகொண்டு வந்தாய். நல்ல நிம்மதியான சண்டை அது.

ஆனால் சொன்னவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. பாணை நிறுத்தினோம், ரொட்டியை நிறுத்தினோம், விசுக்கோத்தையும் மோல்ட் மாவையும் ஊருக்கே திருப்பிக் கொடுத்தோம். நீ கொஞ்சம் தேறி, அப்படியே நின்றுவிட்டாய். கிளினிக்கில் டொக்டரம்மா ஒவ்வொரு சாப்பாடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "அரிசி மாப் பிட்டுத்தான் குடுக்கிறன்" என்று அம்மா சத்தியம் செய்தாள். "வெறும் அரிசி மாவோ?" என்று கேட்க, "ஓம், அரிசி மாதான். பிட்டு மெத்தெண்டு வரக் கொஞ்சம் கோதுமை மா போடுறதுதானே" என்றாள். எங்கள் பெண்கள் அதை ஒரு கலப்படமாகவே நினைப்பதில்லை. உப்புப் போடுவதுபோலக் கை தானாகப் போகும். இடியப்பமும் அப்படித்தான். அதற்குப் பிறகு அம்மா தானே அரிசி இடித்து, அரித்து, வறுத்தாள். அந்த மாவுக்கென்று தனி அரிதட்டு, தனிப் பேணி. முதல் கிழமை பிட்டு மணல்போல உதிர்ந்தது. "பீச்சில இருந்து அள்ளிட்டு வந்தியாம்மா?" என்று நீ கேட்டாய். பகிடி விடுகிற அளவுக்குச் சுகம் வந்துவிட்டது என்று நான் மாதாவைக் கும்பிட்டேன்.

நற்கருணை வாங்கப் போன உன் முதல் நன்மையை மறந்திருக்கமாட்டாய். கோவிலில் கொடுக்கிற அப்பமும் கோதுமைதான் என்று அம்மாவுக்கு உறைத்த நாள், வீட்டில் சாவு விழுந்ததுபோல இருந்தது. "எல்லாப் பிள்ளையளும் வெள்ளை உடுப்போட போய் நன்மை வாங்க, என்ர பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறதோ?" என்று அழுதாள். டொக்டரம்மாவோ, துணுக்கும் கூடாது என்று சொல்லியிருந்தார். பாதரிடம் போனோம். அவர் தாடியைச் சொறிந்தார், ஆயர் இல்லத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த ஞாயிறு எங்களைக் கூப்பிட்டு, "திராட்சை இரசத்தை மட்டும் குடுத்தாலே காணும், ஆண்டவர் அதிலயும் முழுசா இருக்கிறார்" என்றார். பீடத்தில் இருக்கிற பாத்திரத்தில் அப்பத் துணுக்குப் போடுவார்களாம், அதனால் உனக்கென்று தனிச் சின்னப் பாத்திரம். நீ ஒரு வாய் குடித்துவிட்டு, புளியங்காய் கடித்தவளைப்போல முகத்தைச் சுளித்தாய், கோவிலே சிரித்தது. பூசை முடிய, உன்னோடு நன்மை வாங்கின பெடியங்கள் வரிசையாகப் பாதரிடம் போய், "எங்களுக்கும் வயித்துக்குத்துப் பாதர்" என்றார்கள்.

பிறந்த நாளுக்குக் கேக் இல்லை என்று நீ அழுத வருசமும் ஞாபகம். சிலாவத்துறையில் இருந்து மீன் எடுக்க வருகிற முஸ்லிம் வியாபாரி நானா, அவரும் எங்களைப்போலத் திரும்பி வந்து குடியேறினவர், அதைக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் அவர் மனைவி ஒரு பெரிய வட்டிலப்பம் செய்து அனுப்பியிருந்தார். "இதில மா எண்டு ஒரு சிமிட்டாவும் இல்லை, முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும்தான். பயப்பிடாமக் குடுங்க" என்று சொல்லிவிட்டிருந்தார். அதற்கு மேலே மெழுகுதிரி குத்தி ஊதினாய். அதற்குப் பிறகு கேக் வேண்டும் என்று நீ கேட்டதே இல்லை. உன் கலியாணத்துக்கும் அதுதானே வைத்தோம்?

எங்கள் வீட்டுக்குள் அன்றிலிருந்து பாண் வந்ததில்லை. அம்மா வெளியிலும் தொட்டதில்லை. நான் அவ்வளவு புனிதன் இல்லை. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. கரையில், மீன் வாடிக் கொட்டிலுக்குள், மற்றவர்களோடு சேர்ந்து நான் பாண் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கனநாள். சாப்பிட்டுவிட்டுக் கடல் தண்ணீரில் வாய் கொப்பளித்து, மணல் போட்டுக் கை தேய்த்து, நகத்துக்குள்ளும் பார்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். நீ ஓடிவந்து கையைப் பிடிப்பாய். "ஏன் அப்பா உங்கட கை எப்பவும் ஈரமா இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டாய். உன் பேச்சு அப்போது ஊர்ப் பேச்சாக மாறியிருந்தது. "கடல்காரன்ர கை அப்பிடித்தான் பிள்ளை" என்றேன். அதை நீ நம்பினாய்.

இனிக் கடைசியில் சொல்வதாகச் சொன்ன விசயத்துக்கு வருகிறேன். சின்னவனுக்கு இரண்டு வயது. இன்றுவரை அவன் வாயில் நீ ஒரு துண்டுப் பாணும் வைத்ததில்லை. கிளினிக்கில் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகும் கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் எங்கேயோ ஒரு துணுக்கு அவன் வாய்க்குள் போயிருக்கும் என்றுதான் நடுங்கினாய். பக்கத்து வீட்டுப் பிள்ளை விசுக்கோத்து நீட்டினால், பாம்பைக் கண்டதுபோல அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய் என்று மருமகன் சொன்னார். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. சுட்டது உன் வயிறு, பயமும் உன்னுடையது. ஆனால் மகள், அது உன் குடல். அவன் குடல் இல்லை. உனக்கு விலக்கின சாப்பாட்டை அவனுக்கும் விலக்கினால், உன் வருத்தத்தை அவனுக்கு நீயே கொடுத்ததாக முடியும். வித்து போகாத இடத்துக்குப் பயம் போய் முளைத்துவிடும்.

உனக்கு நீ விட்டுக்கொடுக்காதே. சுகமாகத்தானே இருக்கிறேன், ஒரு நாளைக்குச் சாப்பிட்டால் என்ன என்று எந்தக் காலத்திலும் நினைக்காதே. கலியாண வீட்டில் எவ்வளவு வற்புறுத்தினாலும், முகம் கோணாமல் 'எனக்குக் கூடாது' என்று சொல். அடுத்த பிள்ளை வந்தால், அதற்கு அந்த வித்து இருக்கவும் கூடும். இருந்தால் டொக்டர்மார் இருக்கிறார்கள், பரிசோதனை இருக்கிறது, உன் அம்மாவின் அரிதட்டு இருக்கிறது. உன் காலத்தில் எங்களுக்கு அந்த வருத்தத்தின் பெயர்கூடத் தெரியாது. அப்படியிருந்தும் நீ வளர்ந்து, என்னோடு வாய் காட்டி, ஒரு பிள்ளையும் பெற்றுவிட்டாய். இனி எதற்குப் பயம்?

வருகிற மாதம் எங்கள் கோவில் பெருநாளுக்கு மூன்று பேரும் வாருங்கோ. பூச்சி மருந்தை டொக்டர் சொன்ன மாதிரி மறக்காமல் கொடுத்து முடித்துவிட்டு வா. பின்னேரம் போறணையில் பாண் இறக்குகிற நேரத்துக்கு நான் பட்டினத்துக்குப் போவேன். ஒரு ரோஸ் பாண் வாங்கிவந்து, வீட்டுக்கு உள்ளே கொண்டுவராமல், முற்றத்தில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். அன்றைக்கு உனக்குப் பிய்த்துத் தந்த அதே கையால் அவனுக்கும் ஒரு துண்டு பிய்த்துக் கொடுப்பேன். நீ வாசலில் நின்று பார். அவன் மெல்லுவான், விழுங்குவான், இன்னும் வேண்டும் என்று கையை நீட்டுவான். ஒன்றும் நடக்காது. அடுத்த நாளும் ஒன்றும் நடக்காது.

அவன் சாப்பிட்டு முடிந்ததும் அவனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போவேன். பிறகு உன்னிடம் வந்து உன் தலையைத் தடவுவேன். கை ஈரமாக இருக்கும். ஏன் என்று கேட்காதே.

அப்பா